மூங்கிலுக்கு நடுவே ஒரு பி.டி. பீரியட்

30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு ஆள் வேண்டும். தங்கையோ, அண்ணனோ, அடுத்த வீட்டுப் பையனோ, யாரானாலும் சரி. அவர் ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில், ஸ்கேலைத் தொடாமல், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும். விழும் ஸ்கேலை நீங்கள் பிடிக்க வேண்டும்.

எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள்? 15 என்றால் உங்கள் கைக்கு 0.17 வினாடி ஆகியிருக்கிறது. 20 என்றால் 0.20 வினாடி. 25 என்றால் 0.23. கையை விட்டதும் பொருள்கள் ஒரே கணக்கில் வேகம் கூட்டிக்கொண்டு விழுவதால், விழுந்த தூரத்தை வைத்தே நேரத்தைச் சொல்லிவிடலாம். ஸ்கேல் கையில் அகப்படாமலே தரைக்குப் போய்விட்டதா? வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்னொரு முறை பாருங்கள்.

அந்த 0.2 வினாடி எங்கே போனது? கண்ணுக்குள் விழுந்த ஒளியை விழித்திரை நரம்புச் செய்தியாக மாற்ற வேண்டும். செய்தி மூளைக்குப் போக வேண்டும். "விட்டுட்டான், பிடி!" என்று மூளை முடிவெடுக்க வேண்டும். கட்டளை தண்டுவடம் வழியாகக் கைக்கு இறங்க வேண்டும். கடைசியில் தசை சுருங்க வேண்டும். வேகமான நரம்புகளில் செய்தி வினாடிக்கு நூறு மீட்டர் வரைகூட ஓடும். ஆனாலும் இத்தனை வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க நேரம் பிடிக்கத்தான் செய்யும். உலகச் சாம்பியன்களுக்கும் இதே கதிதான். 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 வினாடிக்குள் ஒருவர் புறப்பட்டுவிட்டால் அது தவறான தொடக்கம் என்று விதியே இருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் யாராலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓட முடியாது என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. கேட்பதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டைப் போடுங்கள். தாளத்துக்குக் கை தட்டுங்கள். உங்கள் தட்டு 0.2 வினாடி பிந்தி விழுகிறதா? இல்லையே! தாளத்தோடு ஒட்டியே விழுகிறது. ஸ்கேலைப் பிடித்ததும் இதே கைதான். அங்கே பிந்திய கை இங்கே மட்டும் எப்படிச் சரியாகப் போய் நிற்கிறது?

ஸ்கேல் எப்போது விழும் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் விழுந்த பிறகு பதில் சொன்னீர்கள். தாளம் அப்படியல்ல. நாலைந்து தட்டுகளைக் கேட்டதுமே அடுத்தது எப்போது வரும் என்று மூளை கணித்துவிடுகிறது. தட்டு வருவதற்கு முன்பே கைக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. சிறுமூளையும், மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளும் இந்த வேலையில் கூட்டாளிகள். அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தை வெறுமனே கேட்டால்கூட, உடலை அசைக்கும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. கருவி வைத்து அளந்தால், பலர் தாளத்துக்குச் சற்று முந்தியே தட்டுகிறார்கள். வினாடியில் நூறில் சில பங்குதான், நமக்கே தெரியாது. காலால் தட்டச் சொன்னால் இன்னும் கொஞ்சம் முந்திக்கொள்கிறார்கள். ஏன் கால் மட்டும் அவசரப்படுகிறது? மூளையிலிருந்து கை இருக்கும் தூரத்தைவிடக் கால் இருக்கும் தூரம் அதிகம். "தரையைத் தொட்டுவிட்டேன்" என்ற தகவல் காலிலிருந்து திரும்பி வரவும் அதிக நேரம் வேண்டும். அந்தத் தகவலும் தாளச் சத்தமும் தன்னிடம் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்று மூளை பார்க்கிறது போலும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

எல்லா உயிர்களுக்கும் இந்த வித்தை வருவதில்லை. நாம் பாட்டுப் போட்டால் நாய் வாலாட்டும். ஆனால் தாளத்துக்கு ஆட்டாது. அமெரிக்காவில் ஸ்னோபால் என்றொரு காக்கட்டூ கிளிக்கு இது வந்தது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாட்டுக்குத் தலையையும் காலையும் ஆட்டும். பாட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விஞ்ஞானிகள் சோதித்தபோது, பல சமயம் அதுவும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. 2009-ல் இது ஆய்விதழில் வெளிவந்தது. கிளி ஆடியதற்கா இத்தனை ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். தாளத்தைக் கணிப்பது அவ்வளவு அபூர்வமான திறமை. அது உங்களிடம் காசில்லாமல் கிடக்கிறது.

இந்தத் திறமையை வைத்தே ஒரு நடனம் இருக்கிறது. அதில் கணிப்பு தப்பினால் கணுக்காலில் மூங்கில் விழும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் டினிக்ளிங் நடனம்தான் அது. லெய்டே தீவிலிருந்து வந்தது. டிக்ளிங் என்பது அங்கே ஒரு பறவையின் பெயர். நீண்ட கால்களை வைத்துக்கொண்டு புல்லுக்கும் நாற்றுக்கும் நடுவே விசுக் விசுக்கென்று நடக்கும். நம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஆளைக் கண்டதும் புதருக்குள் ஓடி ஒளியுமே கானாங்கோழி, அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். நெல்வயலில் குடியானவர்கள் வைத்த மூங்கில் பொறிகளில் சிக்காமல் இந்தப் பறவை தாண்டித் தாண்டித் தப்பித்ததைப் பார்த்து நடனம் பிறந்தது என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

ஆடும் முறை இதுதான். ஒன்பது அடி நீளமுள்ள இரண்டு மூங்கில் கழிகள். அவற்றின் இரு முனைகளுக்கும் கீழே, குறுக்காக, இரண்டங்குல உயரமுள்ள கட்டைகள். முனைக்கு ஒருவராக இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு கையிலும் கழிமுனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் எண்ணிக்கைக்கு இரண்டு கழிகளையும் ஒன்றோடொன்று மோதுவார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கழிகளை ஓரடி அகலம் விரித்துக் கட்டைமேல் தட்டுவார்கள். டக், தட், தட். டக், தட், தட். ஆடுபவர் "டக்" என்னும்போது வெளியே இருக்க வேண்டும். "தட், தட்" என்னும்போது இரண்டு கழிகளுக்கும் நடுவே கால் வைக்க வேண்டும்.

மூன்று எண்ணிக்கை என்றதும் உங்களில் மிருதங்கமோ பரதமோ படிப்பவர்கள் "தகிட" என்று சொல்லியிருப்பீர்கள். அதேதான். நம் வசதிக்கு அதையே வைத்துக்கொள்வோம். "த" என்றால் கழி மூடும். "கி", "ட" இரண்டுக்கும் கழி திறந்திருக்கும்.

இப்போது மூங்கில் இல்லாமலே எழுந்து நின்று செய்து பாருங்கள். கழிகள் உங்கள் வலப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "த" என்னும்போது இடது கால் வெளியே, நின்ற இடத்திலேயே. "கி" என்னும்போது வலது கால் உள்ளே. "ட" என்னும்போது இடது கால் உள்ளே. அடுத்த "த" வருகிறது, கழி மூடப்போகிறது. வலது கால் அந்தப் பக்கம் வெளியே. பிறகு "கி" இடது உள்ளே, "ட" வலது உள்ளே, மறுபடி "த" இடது இந்தப் பக்கம் வெளியே. இப்படி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்ப் போய் வருவீர்கள்.

"த" என்னும்போது எந்தக் கால் தரையில் இருந்தது என்று கவனித்தீர்களா? முதலில் இடது. அடுத்து வலது. அப்புறம் இடது. ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. யாரும் திட்டம் போட்டு மாற்றவில்லை, கணக்கு மாற்றுகிறது. நமக்கு இருப்பவை இரண்டு கால்கள். எண்ணிக்கையோ மூன்று. மூன்று ஒற்றைப்படை என்பதால் இரண்டு கால்களுக்கும் சமமாகப் பங்கு போட முடியாது, ஒன்று மிஞ்சும். மிஞ்சியது அடுத்த சுற்றில் மற்றக் காலுக்குப் போகும். இதையே "தகதிமி" என்று நான்கு எண்ணி நடந்து பாருங்கள். இடது காலில் ஆரம்பித்தால் கடைசிவரை "த" இடது காலுக்கேதான் விழும்.

இது சாதாரண விஷயம் இல்லை. பந்து உதைக்கும்போது நமக்கு வாகான காலால்தான் உதைக்கிறோம். கல் எறிவதும் அப்படித்தான். வாகான பக்கமே மேலும் மேலும் பழகுகிறது. மற்றப் பக்கம் சும்மா இருக்கிறது. டினிக்ளிங்கில் அப்படி ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. "இடது காலால் பழகு" என்று பி.டி. சார் பத்து முறை கத்த வேண்டியதைத் தாளமே செய்துவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இந்த நடனத்தைச் சினிமாப் பாட்டு மாதிரியான நான்கு எண்ணிக்கைப் பாட்டுகளுக்கு மாற்றி ஆடுகிறார்கள். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. கற்றுக்கொள்ளச் சுலபம்தான். ஆனால் இந்தக் கால் மாறும் கணக்கு அதில் தானாக வராது. எனக்கென்னவோ மூன்றாகவே விட்டிருக்கலாம் என்றுதான் படுகிறது.

காலைத் தூக்குவது பற்றியும் ஒரு சோதனை. சுவரை ஒட்டிப் பக்கவாட்டாக நில்லுங்கள். வலது பாதத்தின் வெளிவிளிம்பும் வலது தோளும் சுவரில் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். இப்போது இடது காலைத் தூக்கி அப்படியே நில்லுங்கள், பார்ப்போம்.

முடியவில்லை, இல்லையா? யாரும் உங்களைப் பிடித்து இழுக்கவில்லை. இடது காலைத் தூக்கி நிற்க வேண்டுமானால் உடல் எடை முழுவதும் வலது பாதத்தின் மேல் வர வேண்டும். அதற்கு உடல் வலப்பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். சுவர் அதைத் தடுத்துவிட்டது. நீங்கள் படியேறும்போதும், செருப்பு மாட்டும்போதும், கால் தரையை விடுவதற்கு முன்பே உடல் இப்படிச் சாய்ந்து தயாராகிவிடுகிறது. இத்தனை வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

மூங்கிலுக்கு நடுவே இருப்பவரின் நிலைமையை இப்போது யோசியுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஆடினால் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அரை வினாடி. விரிந்த கழிகள் மூட ஆரம்பித்தால் அதைவிடக் குறைந்த நேரத்தில் மூடிவிடும். கழி அசைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காலை எடுக்கலாம் என்றால், பார்க்கவே 0.2 வினாடி போய்விட்டது. பிறகு எடையை மாற்ற வேண்டும். பிறகுதான் கால் எழும்பும். அதற்குள் டக்! ஆகவே நன்றாக ஆடுபவர்கள் கழியைப் பார்ப்பதே இல்லை. "ட" ஒலிக்கும்போதே அடுத்த "த"வுக்காக அவர்கள் உடல் சாயத் தொடங்கியிருக்கும். புதிதாக ஆடுபவர்கள்தான் குனிந்து கழியையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். முறைக்க முறைக்க அடி விழும்.

இந்த நடனம் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்ததில் ஓர் ஆசிரியைக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அகினோ. 1899-ல் மணிலாவுக்கு வடக்கே புலகான் மாகாணத்தில் பிறந்தவர். நடன ஆசிரியை என்று நினைத்துவிடாதீர்கள், உடற்கல்வி ஆசிரியை. அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. பள்ளி மைதானங்களில் கூடைப்பந்தும் பேஸ்பாலும் வந்திறங்கியிருந்தன. நம் ஊர்ப் பிள்ளைகளின் கால் கைகளுக்கு நம் ஊரிலேயே பயிற்சி இல்லையா என்று இவர் தேடிப் புறப்பட்டார். 1920-களில் லூசோன் தீவின் உள்ளொதுங்கிய கிராமங்களுக்குப் போய், அங்கே திருவிழாவிலும் கல்யாணத்திலும் ஆடிய ஆட்டங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுகளையும் எழுதி எடுத்தார்.

ஒரு நடனத்தை எழுதுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கைப்பேசி கிடையாது, வீடியோ கிடையாது. எந்த எண்ணிக்கைக்கு எந்தக் கால், எந்தப் பக்கம், கை எங்கே, எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகத் தாளில் இறக்க வேண்டும். மேலே "தகிட"வுக்கு நாம் செய்தோமே, அந்தச் சின்ன அடவுக்கே எத்தனை வாக்கியம் ஆனது! இப்படிச் சேர்த்ததையெல்லாம் 1926-ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். பள்ளி ஆசிரியர்களும் மைதானப் பயிற்சியாளர்களும் எடுத்துப் பயன்படுத்துவதற்கென்றே அது எழுதப்பட்டிருந்தது. பிறகு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரிக்குப் போய் உடற்கல்வியில் மேற்படிப்பு படித்தார். கூடைப்பந்து 1891-ல் பிறந்த அதே கல்லூரி! ஊர் ஆட்டங்களைத் தேடிப் போனவர் கூடைப்பந்தின் பிறந்த வீட்டிலேயே போய்ப் படித்துத் திரும்பினார். 1934-க்குப் பிறகு பல்கலைக்கழகமே அவரை மறுபடி கிராமங்களுக்கு அனுப்பியது. இசையைக் குறிப்பெடுக்க இசையமைப்பாளர் ஆன்டோனியோ புவெனவென்ச்சுராவும் உடன் போனார்.

1940-களில் அகினோ கல்வித் துறையில் உடற்கல்விக்குப் பொறுப்பான அதிகாரியானார். நாட்டுப்புற ஆட்டங்கள் உடற்கல்விப் பாடமாக நாடெங்கும் பரவின. 1962-ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது, நம் எம்.எஸ். சுப்புலட்சுமி 1974-ல் பெற்றாரே, அதே விருது. 1973-ல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் என்ற சிறப்பையும் முதன்முதலில் பெற்றார். பி.டி. மிஸ் ஒருவருக்கு நாட்டின் உச்சபட்சக் கலை மரியாதை!

எழுதி வைத்ததால் ஒன்றும் இழக்கவில்லையா என்றால், இழந்தும் இருக்கும். கிராமத்தில் ஒரு பாட்டி ஒரு மாதிரி ஆடுவார், பக்கத்துத் தெருப் பாட்டி வேறு மாதிரி ஆடுவார். புத்தகத்தில் ஏறியதும் ஒன்று மட்டும் "சரி" ஆகிவிடும். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் இரண்டு பாட்டிகளோடும் போயிருக்கும்.

சரி, இதெல்லாம் கலை, உடற்பயிற்சியாகத் தேறுமா? உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக வேலை வாங்க வேண்டும் என்கிறது. "நன்றாக" என்பதை அளக்கக் கருவி வேண்டியதில்லை, வாயே போதும். ஆடிக்கொண்டே பேச்சும் வருகிறது, பாட்டும் வருகிறது என்றால் உடலுக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரமான வேலை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறது என்றால் கடும் வேலை. டினிக்ளிங்கை வழக்கமாக மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதனால் ஒரே பாட்டுக்குள் மூன்று நிலைகளையும் தாண்டிவிடலாம். நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி, ஆடுவதற்கு முன்னும் பின்னும் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

எலும்புக்கும் இதில் பங்கு உண்டு. ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது உங்கள் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை அந்தக் காலில் விழும். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தடித்த தசைநாண், இழுத்துவிட்ட ரப்பர் பேண்டு போல அந்த இறக்கத்தின் ஆற்றலில் ஒரு பகுதியைச் சேமித்து அடுத்த துள்ளலுக்குத் திருப்பித் தரும். அதையும் மீறி எலும்புக்குப் போய்ச் சேரும் அதிர்வு வீண் இல்லை. எலும்பு உயிருள்ள பொருள். சுமை விழும் இடத்தில் அது தன்னைத் தடிமனாக்கிக்கொள்ளும். ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் வொல்ஃப் 1892-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு நேர்மாறு; இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரையும். அதனால்தான் வாரத்தில் மூன்று நாளாவது எலும்பை உறுதியாக்கும் விளையாட்டு வேண்டும் என்று அந்த 60 நிமிட அறிவுரையிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஓடுவது, குதிப்பது, பாண்டி ஆடுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பி.டி. பீரியடில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு பந்து, இருபத்திரண்டு பேர், அதில் பந்தைத் தொடுவது ஐந்தாறு பேர். மற்றவர்கள் மரத்தடியில். "அவுட்" ஆனவர் உட்கார வேண்டும் என்ற விளையாட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். சீக்கிரம் அவுட் ஆவது யார்? ஓட்டம் அவ்வளவாகப் பழகாதவர். அவருக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை. அவரைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம்! மூங்கில் ஆட்டத்தில் கால் மாட்டினால் சிரித்துவிட்டு அடுத்த "தகிட"வில் மறுபடி நுழைய வேண்டியதுதான். யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை.

பிலிப்பைன்ஸ் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஜப்பானில் 2012 முதல் நடுநிலைப் பள்ளி உடற்கல்வியில் ஜூடோ, கெண்டோ போன்ற பழைய தற்காப்புக் கலைகளும் நடனமும் கட்டாயம். நியூசிலாந்துப் பள்ளிகளில் மாவோரி மக்களின் கி-ஓ-ராஹி என்ற பந்து விளையாட்டை ஆடுகிறார்கள். மூங்கில் ஆட்டம் பார்க்க அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மிசோரம் மாநிலத்தில் செராவ் என்ற நடனம் உண்டு. அதில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டம் கட்டமாகத் தட்டுவார்கள். 2010-ல் ஐஸ்வால் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஆடிச் சாதனை படைத்தார்கள். நம்மிடமோ கோலாட்டம் இருக்கிறது. எதிரில் இருப்பவரின் கோல் வந்து சேரும் இடத்துக்கு உங்கள் கோல் அதே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே, அதுவும் மூளை போடும் அதே முன்கணக்குத்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் கோலாட்டமும் கும்மியும் ஒயிலாட்டமும் இன்னும் ஆண்டு விழா மேடையோடு நின்றுவிடுகின்றன. ஆண்டு விழாவில் ஆடுவது பன்னிரண்டு பேர்; பார்ப்பது ஐந்நூறு பேர். மைதானத்தில் ஆடினால் ஐந்நூறு பேரும் ஆடலாம்.

நீங்கள் ஆடிப் பார்க்க விரும்பினால் எடுத்தவுடன் மூங்கிலுக்குப் போகாதீர்கள். முதலில் தரையில் சாக்பீஸால் ஓரடி இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒருவர் "தகிட" சொல்லிக் கை தட்ட, மற்றவர்கள் வரிசையாக ஆடிப் பழகுங்கள். கோட்டை மிதிக்காமல் வந்த பிறகு, இருவர் உட்கார்ந்து இரண்டு நீளமான எலாஸ்டிக் நாடாக்களைப் பிடித்துத் திறந்து மூடலாம். கால் பட்டாலும் வலிக்காது. அப்புறம் மூங்கில். கணுக்களைச் சீவி வழவழப்பாக்கச் சொல்லி ஒரு பெரியவரிடம் கேளுங்கள். முதல் நாள் மூங்கிலை நிமிடத்துக்கு 60 தட்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஆடுபவர் தடுமாறினால் கழி பிடித்தவர்கள் உடனே கைகளைத் தளரவிட வேண்டும்.

கழி பிடிப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆடுபவருக்குத்தான் கைதட்டல். உண்மையில் கடினமான வேலை அவர்களுடையது. குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ உட்கார்ந்து, முதுகு வளைந்து, எதிரில் இருப்பவரோடு அணுவும் பிசகாமல் தட்ட வேண்டும். கட்டைவிரல் இரண்டு கழிகளுக்கும் நடுவிலோ, கழிக்கும் கட்டைக்கும் நடுவிலோ மாட்டிக்கொண்டால் நசுங்கிவிடும். அதனால் விரல்கள் கழியின் வெளிப்பக்கமும் மேற்பக்கமும் மட்டுமே இருக்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் ஆளை மாற்றிவிடுங்கள்.

அவர்களிடம் ஒரு விசித்திரமும் இருக்கிறது. சேர்ந்து தட்டுகிறவர்கள் தங்களை அறியாமலே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவது உண்டு. தனியாகத் தட்டும்போது இருப்பதைவிடக் கூட்டாகத் தட்டும்போது இந்த அவசரம் அதிகம் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் நடக்கிறதா என்று பார்க்க ஸ்டாப்வாட்ச் ஒன்று போதும். முதல் பத்து "தகிட"வுக்கு எத்தனை வினாடி, இரண்டு நிமிடம் கழித்து வரும் பத்துக்கு எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கழி பிடித்தவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பிறகு அதே இருவரில் ஒருவரை மட்டும் தனியாகத் தரையில் தட்டச் சொல்லி இன்னொரு முறை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.